விலை சொல்லும் அதிகாரம் யாரிடம்? புத்தூரும் குடாநாட்டுச் சிற்றூர்த் தொழில்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பெருவீதியில் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி கடந்ததும் புத்தூர் வரும். அங்கிருந்து மேற்கே நவக்கிரி, நிலாவரை வழியாகச் சுன்னாகத்துக்கு ஒரு வீதி போகிறது. கிழக்கே கடல்நீரேரியைத் தாண்டித் தென்மராட்சியின் மீசாலைக்கு இன்னொரு வீதி போகிறது. பெயர் சொல்லும்படியான ஆலை எதுவும் புத்தூரின் அடையாளமாக இருந்ததில்லை. ஆனால் வெங்காயமும் புகையிலையும் வாழையும் இந்த ஊர்த் தோட்டங்களிலிருந்து பல தலைமுறைகளாக வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. இங்கிருந்து ஒரு சைக்கிள் ஓட்டத் தூரத்தில் இருந்த பெருந்தொழில் ஊர்கள் பல எழுந்து, விழுந்து, வெறுமையாகியும் விட்டன. புத்தூர் நிற்கிறது. ஏன் நிற்கிறது, இன்னும் எவ்வளவு காலம் நிற்கும் என்பவை இந்த ஊருக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல.

அமெரிக்கச் சிறுநகரங்களைப் பற்றி இதே கேள்வி நெடுங்காலமாகக் கேட்கப்படுகிறது. மெரிமாக் ஆற்றின் நீர்விசையை நம்பி 1820களில் எழுந்த நெசவு நகரம் லோவல். தொப்பிக்குப் பேர்போனது டான்பரி. கையுறைத் தொழிலையே பெயராகச் சூடிக்கொண்டது குளோவர்ஸ்வில். உருக்கு உலைகளால் வாழ்ந்தது யங்ஸ்டவுன். இவை ஒவ்வொன்றின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி அங்கே நூலகம் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சுன்னாகத்தையும் காங்கேசன்துறையையும் வல்வெட்டித்துறையையும் புத்தூரையும் ஒரே வரிசையில் நிறுத்தி அப்படிப் பார்ப்பது நமக்கும் தேவை.

அப்படிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மண்ணில் என்ன விளைகிறது, நிலத்தடியில் என்ன கிடைக்கிறது என்பதைவிட, விளைந்ததற்கு விலை சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே இந்த ஊர்களின் தலைவிதியைத் தீர்மானித்திருக்கிறது.

செம்மண்ணும் பங்குக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. இருக்கிற ஒரேயொரு வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடும். மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடும். அந்த நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, ஆழத்தில் உள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கிணறு வெட்டினால் கையில் அகப்படுவது இந்தப் படைதான். அளவுக்கு மீறி இறைத்தால் மேற்படை மெலிந்து கீழிருக்கும் உவர் ஏறிவிடும். நிலாவரைக் கிணறு இதைக் கண்முன் காட்டுகிறது. அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன. இராமர் அம்பெய்து உண்டாக்கியது என்றும் அடிகாண முடியாதது என்றும் ஊரார் சொல்வார்கள். சுண்ணக்கல் கரைந்து நிலத்தடிக் குகையின் கூரை விழுந்ததால் உண்டான பள்ளம் என்பது புவியியல் தரும் விளக்கம்.

கிணற்றைச் சூழ்ந்திருப்பது செம்மண். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி, சுன்னாகம் என்று நீளும் இந்த மண்ணில் நீர் தேங்காது, வேர் மூச்சு முட்டாது, போட்ட பசளைக்குப் பயிர் உடனே முகம் காட்டும். ஆனால் மண்ணுக்குத் தானாகச் சத்து அதிகம் இல்லை. ஆட்டுப்பட்டி அடைத்தும், மாட்டெருப் போட்டும், பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தும் கமக்காரர் அதை ஆண்டாண்டாக உருவாக்கினார்கள். புத்தூர் அடங்கிய வலிகாமத்துச் செம்மண்ணின் வளத்தில் பாதி மனித உழைப்பு.

துலா இருந்த காலத்தில் விடியப்புறம் நாலு மணிக்கே இறைப்புத் தொடங்கிவிடும். ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். மற்றொருவர் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் கட்ட மூன்று நாலு பேர் வேண்டும் என்பதால் கூட்டு உழைப்பு இல்லாமல் கமம் இல்லை. கிணறும் பெரும்பாலும் பங்குக் கிணறாகவே இருந்தது. இன்றைக்கு யாருடைய முறை, எத்தனை மணிவரை என்பதெல்லாம் எழுதாச் சட்டமாக நடந்தன. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமைச் சட்டம், நிலத்தை விற்கும்போது பங்காளிக்கும் அயல்காணிக்காரருக்கும் முன்னுரிமை கொடுத்தது. சிறு துண்டுகளாகப் பிரிந்தாலும் காணி ஊர்க்காரர் கைவிட்டுப் போகாமல் அது காத்தது. புத்தூர் போன்ற ஊர்களின் முதல் பலம் இந்தப் பரவலான உடைமைதான்.

அந்த உடைமை எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். துலா மிதித்தவர்களிலும் புகையிலை வெட்டியவர்களிலும் பலர் காணி இல்லாதவர்கள். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் கிணற்றடிக்கும் கோயிலடிக்கும் வரமுடியாத காலம் நீண்டு கிடந்தது. புத்தூர்க் கலைமதிக் கிராம மக்கள் தங்கள் குடியிருப்புகளை ஒட்டிய மயானத்தை அகற்றக் கேட்டு 2017 இல் நாட்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஒரு ஊரின் தொழில் வரலாற்றை எழுதும்போது அதில் உழைத்தும் பங்கு பெறாதவர்களை விட்டுவிட்டால் கணக்குப் பிழைக்கும்.

புகையிலை கட்டிய ஊர்கள்

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் திருவிதாங்கூர் அதன் பெரும் சந்தையாக இருந்தது. வலிகாமத்துக் கல்வீடுகள் பலவற்றின் அத்திவாரத்தில் அந்தக் காசு கிடக்கிறது.

கன்று நடுவது முதல் சிப்பம் கட்டுவது வரை இந்தப் பயிருக்கு ஓய்வில்லை. மாரி மழையோடு நாற்றுமேடை போட்டு, மழை ஓயும் நேரம் கன்றை நடுவார்கள். செடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு, கணுக்களில் கிளம்பும் பக்கத் தளிரை விடாமல் ஒடித்தெறிய வேண்டும். சத்தெல்லாம் இலைக்குப் போனால்தான் தடிப்பும் காரமும் வரும். வெட்டிய இலையை வெயிலில் வாட்டிக் குடிலுக்குள் தொங்கவிட்டு, பொச்சுமட்டையும் பனை ஊமலும் எரித்துப் புகை போடுவார்கள். எத்தனை நாள் புகை, எப்போது குடிலைத் திறப்பது, எப்போது அடுக்கிப் புழுங்கவிடுவது என்பதெல்லாம் இலையைத் தடவிப் பார்த்தே தீர்மானிக்கப்படும். இந்தக் கைப்பழக்கம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்கப்படவில்லை. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்தது.

சுருட்டுக் கொட்டில்கள் இதே தொழிலின் இன்னொரு கை. வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றுபவர்களுக்கு நடுவே ஒருவர் பத்திரிகையையோ கதைப்புத்தகத்தையோ உரக்க வாசிப்பார். எழுத்தறியாதவரும் அரசியலும் இலக்கியமும் கேட்டு வளர்ந்தனர். சுருட்டு தென்னிலங்கைக்குப் போனது. அதன் பின்னாலேயே யாழ்ப்பாணத்தவரின் கடைகளும் போயின.

இந்தத் தொழிலின் பலவீனம் அதன் சந்தையில் இருந்தது. விலையைத் தீர்மானித்தது திருவிதாங்கூர். அங்கே தீர்வை உயர்ந்தபோதெல்லாம் இங்கே தோட்டத்தில் கடன் ஏறியது. தரகரைத் தாண்டித் தாங்களே விற்கவேண்டும் என்று கமக்காரர்கள் 1930களில் மலையாளப் புகையிலைக்கென்று கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தார்கள். குடாநாட்டுத் தொழில் வரலாற்றில் நான் மிகப் பெரிதாக மதிக்கும் முயற்சி இது. விளைவித்தவன் விலையிலும் வாய்திறக்கலாம் என்று காட்டிய முயற்சி. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அந்தச் சந்தையையே அடைத்துவிட்டன. ஒரேயொரு சந்தையை நம்பியிருந்த சங்கத்தால் அதற்கு மாற்றுத் தேட முடியவில்லை.

சுருட்டை வீழ்த்தியதில் ஒரு அமெரிக்கச் சிறுநகரத்துக்கும் பங்குண்டு. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் டியூக் குடும்பத்தார் 1884 இல் பொன்சாக் சிகரெட் இயந்திரத்தைப் பூட்டினார்கள். ஒரு நாளில் ஒரு இலட்சத்துக்கு மேல் சிகரெட் சுற்றக்கூடிய இயந்திரம் அது. அதன் வழிவந்த மலிவுச் சிகரெட் உலகமெங்கும் பரவி, பல பத்தாண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்துக் கொட்டில்களையும் ஆளில்லாமல் ஆக்கியது. பிறகு டர்ஹமின் புகையிலை ஆலைகளும் மூடப்பட்டுக் குடியிருப்புகளும் அலுவலகங்களுமாக மாறின. குளோவர்ஸ்விலின் கதையும் இதுதான். ஒரு காலத்தில் அமெரிக்கக் கையுறைகளில் மிகப் பெரும்பகுதியைத் தைத்த ஊர், உடுப்பு வழக்கம் மாறியதும் மலிவு இறக்குமதி வந்ததும் ஒடுங்கிப் போனது.

புகையிலையின் தீங்கு இன்று எல்லோரும் அறிந்தது. வாய்ப்புற்றுநோயின் வலியை நம் குடும்பங்களும் அறியும். 2020 ஆம் ஆண்டோடு புகையிலைச் செய்கையை நிறுத்தப்போவதாக அரசு ஒரு கட்டத்தில் அறிவித்தும் இருந்தது. ஆனால் அதே வருமானத்தை அதே காணியில் தரும் மாற்றுப் பயிருக்கும் அதன் சந்தைக்கும் வழி செய்யாமல் அறிவித்தால் தோட்டக்காரர் எப்படி மாறுவார்?

கப்பல் ஊரும் சீமெந்து ஊரும்

புத்தூருக்கு வடகிழக்கே வல்வெட்டித்துறை. வேம்பும் இலுப்பையும் அறுத்துப் பெரும் பாய்க்கப்பல் கட்டி, இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் ஓட்டிய ஊர். 1930 அளவில் அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் பணியாற்றி, 1938 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குளொஸ்டரும் 1623 முதல் மீன்பிடியாலும் கப்பலாலும் வாழ்ந்த சிறுநகரம். தங்களைப் போலவே கடலை நம்பிய ஊரார் கட்டிய கப்பலை அந்தத் துறைமுகத்து மக்கள் நேரில் பார்த்தார்கள்.

கடல் வணிகம் வல்வெட்டித்துறையில் ஒரு முதலாளியின் சொத்தாக இருக்கவில்லை. தச்சர், தண்டையல், பாய் தைப்பவர், சரக்குக்காரர் என்று பலர் அதில் பங்காளிகள். ஆனால் நாடுகள் சுதந்திரமடைந்ததும் கடவுச்சீட்டும் சுங்கமும் குறுக்கே வந்தன. நூற்றாண்டுகளாகப் போய்வந்த கடல்வழி சட்டவிரோதமாகிப் போனது. கப்பல் கட்டும் கலை ஊரில் இருந்தது. கப்பல் ஓடும் வழி ஊரின் அதிகாரத்தில் இருக்கவில்லை.

காங்கேசன்துறை வேறு மாதிரி. 1902 இல் அங்கிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரிவரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905 இல் பாதை கொழும்போடு இணைந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. சுண்ணக்கல் காலடியில் கிடந்தது. களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து வந்தது. துறைமுகமும் தண்டவாளமும் பக்கத்தில் இருந்தன. அதே அமைச்சரின் முயற்சிகளாகவே வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் எண்ணப்படுகின்றன. நிரந்தரச் சம்பளம், விடுதி, ஓய்வூதியம் என்று சுற்று வட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்குக் காங்கேசன்துறை புதிய வாழ்க்கையைக் காட்டியது.

1990 இல் போர் தீவிரமானதும் அந்தத் தொழிற்சாலை நின்றது. ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. போர் முடிந்தபின் எஞ்சியிருந்த இரும்பும் பழைய இரும்பாக ஏற்றிச் செல்லப்பட்டது. கல் அகழ்ந்த பெருங்குழிகள் அப்படியே கிடக்கின்றன. யங்ஸ்டவுனுக்கு 1977 செப்டெம்பர் 19 இல் நடந்தது இதோடு ஒப்பிடத்தக்கது. அந்த நகரின் மிகப் பெரிய உருக்கு நிறுவனம் ஒரே அறிவிப்பில் கம்பெல் உருக்காலையை மூட, ஏறத்தாழ 5,000 பேர் வேலை இழந்தார்கள். நிறுவனத்தின் உடைமை அதற்கு முன்பே நியூ ஓர்லியன்ஸ் முதலாளிகளிடம் போயிருந்தது. அங்கே பங்குச்சந்தைக் கணக்கு, இங்கே போர். இரண்டு இடத்திலும் முடிவு ஊருக்கு வெளியே எடுக்கப்பட்டது. ஒரே ஆலையை நம்பிய ஊருக்கு அடுத்த நாள் பிழைப்புக்கு வேறு வழி இருக்கவில்லை.

சந்தியும் சந்தையும் பேட்டையும்

சுன்னாகம், சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி, அச்சுவேலி ஆகியவை சந்தையால் வளர்ந்தவை. இவற்றில் சில புகையிரத நிலையத்தையும் சில வீதிகள் கூடும் சந்தியையும் சுற்றி எழுந்தன. புத்தூர்த் தோட்டக்காரர் விடியமுன் வாழைக்குலையையும் வெங்காயப் பிடியையும் சைக்கிளிலோ லாண்ட்மாஸ்டரிலோ கட்டிக்கொண்டு போவது இந்தச் சந்தைகளுக்குத்தான். தராசில் வைத்ததும் 'கழிவு' என்று பத்துக்கு ஒன்றை வெட்டிவிடுவது நீண்டகால வழக்கம். நூறு கிலோ கொண்டுபோனவருக்குத் தொண்ணூறு கிலோவுக்கே காசு. பழுது, ஈரம், போக்குவரத்துச் சேதம் என்று காரணம் சொல்வார்கள். சேதமே இல்லாத சரக்குக்கும் அதே கழிவுதான். இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கூட்டங்களில் தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. ஆனாலும் முறைப்பாடு ஓயவில்லை. ஒரு போகத்தில் ஒவ்வொரு நாளும் பத்தில் ஒன்று போனால் அது பசளைக் காசு. சில வீட்டில் பிள்ளையின் ரியூசன் காசு.

அரசு கட்டிய தொழிலிடம் அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை. சிறு தொழிற்சாலைகளை ஒரே இடத்தில் கூட்டி மின்சாரமும் கட்டடமும் கொடுப்பது அதன் எண்ணம். போரில் சிதைந்த பேட்டை, பின்னர் இந்திய உதவியோடு புனரமைக்கப்பட்டது. தனியார் முயற்சிகளும் இருந்தன. மில்க்வைற் சவர்க்காரத்தை நம் தலைமுறையில் அறியாதவர் குறைவு.  தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லி ரசம் இன்றும் வீடுகளில் விருந்தாளிக்குக் கரைத்துக் கொடுக்கப்படுகிறது. ஒரு பொருளுக்குப் பெயரும் நம்பிக்கையும் சேர்ந்துவிட்டால் அதன் விலையை உற்பத்தியாளரே சொல்லலாம் என்பதற்கு இவை நம் கண்முன் உள்ள சான்றுகள். வெங்காயத்துக்கு அப்படியொரு பெயரை நாம் இன்னும் உண்டாக்கவில்லை.

மூடிய கதவும் திறந்த கதவும்

1970 இல் வந்த அரசு இறக்குமதிகளை இறுக்கியது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு, முந்திரிகை எல்லாவற்றுக்கும் குடாநாட்டுத் தோட்டங்களே கைகொடுத்தன. செத்தல் மிளகாய் ஏற்றிய லொறிகள் தெற்கே போனபடி இருந்தன. படித்த இளைஞரும் வேலை தேடி அலையாமல் தோட்டத்தில் இறங்கினார்கள். நீரிறைக்கும் இயந்திரம் வீட்டுக்கு வீடு வந்து துலாக்கள் ஓய்ந்ததும் இந்தக் காலத்தில்தான் வேகம் பிடித்தது. இந்த ஆண்டுகளையே முதியவர்கள் இன்றும் பொற்காலம் என்கிறார்கள்.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கொழும்பில் இறங்கின, இங்கே விலை விழுந்தது. இரண்டு முடிவும் கொழும்பில் எடுக்கப்பட்டவை. நன்மை செய்த முடிவும் தீமை செய்த முடிவும் தோட்டக்காரரைக் கேட்டு எடுக்கப்படவில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டு, போகம் கெட்டபின் அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோதும் இதே கதைதான். இயற்கைப் பசளைக்கு மாறவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆட்டுப்பட்டி அடைத்த மண் இது. ஆனால் மண் மாற ஆண்டுகள் வேண்டும், அறிவிப்பு ஒரே நாளில் வந்தது.

போர் தின்ற ஆண்டுகள்

1990 ஜூனில் யாழ்தேவி புகையிரதம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், உரம், மின்கலம், சவர்க்காரம் எனப் பொருளாதாரத் தடைப் பட்டியல் நீண்டது. தோட்டம் அப்போதும் நிற்கவில்லை. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெய்யில் ஓட்டினார்கள். சிலர் துலாவை மறுபடி நிறுத்தினார்கள். பொன்னம்பலம் காலத்துச் சீமெந்து ஆலையால் முடியாததைப் பங்குக் கிணற்றால் செய்ய முடிந்தது. சிறியது, பலர் கையில் இருந்தது, வெளியிலிருந்து வரும் பொருளைக் குறைவாக நம்பியது. அதனால் முழுக்க அழியவில்லை.

1995 ஒக்டோபரில் தொடங்கிய அரச படைநடவடிக்கை பருத்தித்துறைப் பெருவீதி ஊர்களையே முதலில் பெயர்த்தது. அந்த மாதம் 30 ஆம் திகதி வலிகாமமே வெறுமையாகித் தென்மராட்சிக்கு நடந்தது. 1996 இல் திரும்பி வந்தவர்கள் பார்த்தது கூரையில்லா வீடும் தூர்ந்த கிணறும். பலாலி, வசாவிளான், கட்டுவன் பக்கத்துச் செம்மண் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் பல்லாண்டு முடங்கின. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் மக்களிடம் வந்தது. காணி விடுவிப்பு இன்னும் முடிந்தபாடில்லை. தொழில் வளர்ச்சி பற்றிப் பேசும் எவரும் முதலில் இந்தக் காணிகளைப் பற்றிப் பேசவேண்டும்.

மணியோடரிலிருந்து டொலர் வரை

குடாநாடு ஏற்றுமதி செய்த பொருள்களில் மிகப் பெரியது படிப்பு. 1815 இல் மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் என்ற சிறு துறைமுகத்திலிருந்து கப்பலேறிய அமெரிக்க மிசனரிகள் 1816 இல் இங்கே வந்து, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் பிறந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்தச் செமினரியில் படித்தவர்களில் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. புத்தூருக்கு அயலூரான சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். கோப்பாயும் சிறுப்பிட்டியும் புத்தூரும் பிறகு எழுதுவினைஞரையும் ஆசிரியரையும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் அனுப்பின. மாதாமாதம் மணியோடர் வந்தது.

1956 இன் மொழிச் சட்டமும் 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் படித்து வேலைக்குப் போகும் அந்த வாசலைக் குறுக்கின. 1983 க்குப் பின் மணியோடரின் இடத்தை ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் காசு பிடித்தது. அந்தக் காசு போரில் பட்டினியைத் தடுத்தது, வீட்டைக் கட்டியது, கோயில் கோபுரத்தை உயர்த்தியது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பனியில் இரண்டு வேலை செய்தவர்களின் காசு அது. ஆனால் அந்தக் காசில் தொழிலாக மாறியது மிகச் சிறு பங்கு. இரண்டு மாடி வீடு பூட்டிக் கிடக்க, அதன் பின்வளவுத் தோட்டம் தரிசாகக் கிடப்பதை இன்று வலிகாமத்தில் எங்கும் பார்க்கலாம்.

தண்ணீர் என்ற முதல்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் நிற்பது அந்த நன்னீர்ப் படை. செம்மண்ணில் போடும் யூரியாவும் மலக்குழிக் கழிவும் சுண்ணக்கல் வழியே நேரே கிணற்றுக்கு இறங்குகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று பாதுகாப்பு அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்து, மக்கள் போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். 2019 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதற்கு நட்டஈடு கட்டளையிட்டது. சுண்ணக்கல்லை அகழ்ந்து வெளிமாவட்டங்களுக்கு ஏற்றுவதற்கு எதிரான குரலும் எழுந்திருக்கிறது. அந்தக் கல்தான் மழைநீரைத் தாங்கும் தாழி. அதை உடைத்து விற்றால் தண்ணீரையும் சேர்த்து விற்றதாகும்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. குடிநீருக்கு அது பெரிய ஆறுதல். தோட்டத்துக்கு அது உதவாது, அதற்குக் கிணறுதான் கதி. தெரிந்த நஞ்சைத் தள்ளிப்போட்டால் என்னவாகும் என்பதை டான்பரி காட்டுகிறது. டான்பரித் தொப்பித் தொழிலாளர்கள் பாதரச நஞ்சால் கைநடுங்கிப் போனது தலைமுறைகளாகத் தெரிந்திருந்தும், அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது 1941 இல்தான். தொழிலுக்காக உடலை ஈடுவைத்த அந்த ஊரில் தொப்பித் தொழிலும் தங்கவில்லை. நாம் அந்தப் பாடத்தைப் படிக்க அத்தனை காலம் எடுக்கக்கூடாது.

இனிச் செய்யவேண்டியவை

லோவல் நகரம் தன் நெசவாலைகள் மூடிக் கிடந்தபின் 1978 இல் அவற்றைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கியது. அழிந்த தொழிலை நினைவில் வைத்துக்கொள்வது அதற்கு ஒரு வழியாயிற்று. புத்தூருக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. இங்கே தோட்டம் உயிரோடு இருக்கிறது.

2025 வரவுசெலவுத் திட்டம் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்களை அறிவித்தது. 2023 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. பலாலியிலிருந்து 2019 இல் சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. அடைபட்ட கடல்வழியும் வான்வழியும் மெல்லத் திறக்கின்றன. இந்த வலயங்கள் முன்னைய சீமெந்துத் தொழிற்சாலையைப் போல ஒற்றைத் தூணாக எழுந்தால் அதே விதிதான் திரும்பும். வலிகாமத்துத் தோட்டங்களின் விளைச்சலை வாங்கிப் பதப்படுத்தும் இடமாக எழுந்தால் கதை மாறும்.

அதற்கு மூன்று வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்று, வெங்காயமும் வாழையும் விலை விழுந்த கிழமையிலேயே விற்றாகவேண்டிய நிலையை மாற்றும் களஞ்சியமும் குளிரூட்டியும், கமக்காரர் சங்கத்தின் பொறுப்பில். இரண்டு, கழிவு வெட்டாத சந்தை. அதற்குப் பிரதேச சபைகள் தங்கள் சந்தைகளின் குத்தகை நிபந்தனையிலேயே விதி எழுதலாம். மூன்று, கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதித்து ஊருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு. முதல் வேலைக்கான காசு வெளிநாட்டிலிருக்கும் புத்தூர்ப் பிள்ளைகளிடம் இருக்கிறது. நன்கொடையாகக் கேட்காமல் பங்காகக் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அந்தப் பங்கில் காணி இல்லாத உழைப்பாளிக்கும் இடம் வேண்டும். இல்லாவிட்டால் பழைய அநீதி புதிய கட்டடத்தில் குடியேறும்.

1930களில் மலையாளச் சந்தைக்குப் புகையிலை விற்கச் சங்கம் கட்டியவர்களிடம் கணினியும் இல்லை, வெளிநாட்டுக் காசும் இல்லை. விளைவித்தவனே விற்கவேண்டும் என்ற தெளிவு இருந்தது. ஒரே சந்தையை நம்பிய அவர்களின் பிழையைத் திருத்தி, அந்தத் தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தூர் அடுத்த போகத்திலேயே தொடங்கலாம்.